ஒரே தகடு, ஐந்து படங்கள்

டீச்சரின் அச்சு பிரஸ் எங்கள் வீட்டு மாடிக்கு ஏறிய காலையை நினைத்தால் எனக்கு இன்னும் முதுகு வலிக்கும். இத்தனைக்கும் நான் ஒரு கை கூடக் கொடுக்கவில்லை. தூக்கியவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கே அந்த வலி. இரண்டு பெரிய உருளைகள், அவற்றுக்கு நடுவே போய்வரும் ஒரு இரும்புப் பலகை, பக்கவாட்டில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு சக்கரம். அதை ஏற்றிக்கொண்டு வந்த டெம்போக்காரர் எங்கள் வீட்டுக் குறுகலான படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஏறாது மேடம், வேற வூடு பாத்துக்குங்க" என்று சொல்லி பீடி பற்றவைக்கப் போய்விட்டார். வாடகைக்கு வருகிறவர் ஓவிய டீச்சர் என்றதும் கூடவே நாலு பென்சிலும் காகிதமும் வரும் என்று அம்மா நினைத்திருந்தாள். வாசலில் இரும்பு இறங்கியதைப் பார்த்ததும் என் காதருகே வந்து, "கரும்பு ஜூஸ் கடை போடப் போறாங்களாடி?" என்று கேட்டாள். அண்ணன் கேட்டின் மேல் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஸ்பானர் கேட்டான். "பிரிச்சு ஏத்தினா எதுவும் ஏறும்" என்றான். மதியத்துக்குள் சக்கரம், உருளை, கால்கள் என்று தனித்தனியாகக் கயிறு கட்டி மேலே கொண்டுபோய் மறுபடியும் பூட்டிவிட்டான். பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு அவன் உடம்பு முழுவதும் வியர்த்து நான் பார்த்தது அன்றுதான்.

அவன் பென்ஷனோடு வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வடக்கே பனிமலையில் சண்டை நடந்தபோது அவன் அங்கே இருந்தான். நாங்கள் அஸ்தினாபுரத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்த சண்டை அது. வந்ததும் தெருவில் ஒரு மாலை போட்டார்கள், பிள்ளையார் கோயில்காரர்கள் ஒரு சால்வை போர்த்தினார்கள், அதோடு சரி. அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவான். பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறங்கிவிடுவான். காலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி திருநீர்மலை வரை நடந்துபோய், மலையேறி, பெருமாளைப் பார்க்காமலே இறங்கி வருவான். "அவ்ளோ தூரம் ஏறிட்டு சாமி கும்பிடாம வர்றியேடா" என்று அம்மா புலம்புவாள். "மூச்சு சரியா வருதான்னு பாக்கப் போனேம்மா" என்பான். நான் பல்லாவரத்தில் தோல் பைகள் ஏற்றுமதி செய்கிற ஒரு ஆபீஸில் வேலை பார்த்தேன். தினமும் ரயிலைப் பிடிக்க ஓடுகிற எனக்கு, சும்மா நடந்துகொண்டே இருக்கிறவன் மேல் எரிச்சல்தான் வந்தது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆனாலும் வீட்டுக்குள் அவன் காலடிச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிடுவேன். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஊருக்கு வந்தவுடன் அவன் செய்த முதல் காரியம் அனகாபுத்தூர் போனது. பட்டாளத்தில் அவனோடு ஒரே கம்பெனியில் இருந்த சிநேகிதன் ஒருவன் அந்த ஊர்க்காரன். பனிமலையில் செத்துப்போனவன். இரண்டு பேரும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போய், ஒருத்தன் பேச்சில் இன்னொருத்தன் பல்லாவரம் மார்க்கெட்டின் பெயரைக் கேட்டு, அங்கே ஒட்டிக்கொண்டவர்கள். அந்தச் சிநேகிதனுடைய அம்மாவைப் பார்க்கத் தனியாகப் போக அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. முன்னறை முழுக்கத் தறி. ஒரு ஓரத்தில் நாங்கள் உட்காரப் பாய் விரித்தார்கள். அண்ணன் உட்காரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த அம்மா அழவில்லை. அழுது முடித்த முகம். அவர் கேட்க வேண்டியதைத் தயாராக வைத்திருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

"வலிச்சிச்சாப்பா அவனுக்கு?"

"இல்லம்மா. ஒரு செகண்டு. அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

"பக்கத்துல யாருனா இருந்தாங்களா?"

அண்ணன் தறியைப் பார்த்தான். "இல்லம்மா. நாங்கல்லாம் கீழ இருந்தோம். போய்ப் பாத்தப்போ முடிஞ்சிருச்சு."

அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார். "கஷ்டப்படாம போய்ட்டான். அது போதும்பா" என்றார். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்களிடமும் அதையே திரும்பச் சொன்னார். நானும் நம்பினேன். கெட்டதிலும் ஒரு நல்லது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோ பம்மலைத் தாண்டுவதற்குள் அண்ணன் "நிறுத்துப்பா" என்று இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெயிலில் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கும் சேர்த்து நான் காசு கொடுத்துவிட்டு, அவனை மனதாரத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மாடிக்கு வந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கிய வயது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, இனி எனக்குப் பிடித்ததைத்தான் செய்வேன் என்று வந்திருந்தவர். முகத்துக்கு நேரே பேசுவார். செய்வது எச்சிங். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகு பூசி, அந்த மெழுகில் ஊசியால் கீறிப் படம் போடுவார். தகட்டை ஆசிட் தட்டில் அமிழ்த்தினால், கீறின இடத்தை மட்டும் ஆசிட் அரிக்கும். மேலே எழுகிற குமிழிகளை ஒரு கோழி இறகால் தள்ளிவிட்டுக்கொண்டே குனிந்து நிற்பார். அரித்த பள்ளங்களில் மையைத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து, நனைத்த காகிதத்தை மேலே போட்டு பிரஸ்ஸில் உருட்டினால் படம் காகிதத்தில் ஏறும். கொடியில் காயும் புடவையெல்லாம் ஆசிட் வாடை அடிக்கிறது என்று அம்மாவுக்கும் அவருக்கும் நித்தம் ஒரு சண்டை. சண்டை முடிந்ததும் இருவரும் சேர்ந்து காபி குடிப்பார்கள்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. தகட்டில் பாதி வேலை முடிந்ததும் ஒரு பிரதி எடுத்துப் பார்ப்பார். பிடிக்காத இடத்தைக் கத்தியால் சுரண்டி, வழுவழுவென்று தேய்த்து, அங்கேயே வேறு கோடு போடுவார். மறுபடி ஒரு பிரதி. இப்படி ஒவ்வொரு கட்டத்தில் எடுத்த பிரதியையும் 'ஸ்டேட்' என்பார். முதல் ஸ்டேட், இரண்டாம் ஸ்டேட் என்று பென்சிலில் குறித்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவார். தப்பாக வந்ததை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "தப்புன்னு எதுவும் இல்லம்மா. அந்த நேரத்துல தகடு அப்படி இருந்துச்சு. அவ்ளோதான்" என்றார். சுரண்டிய கோடு முழுக்க அழிவதும் இல்லை. புதிய படத்துக்கு அடியில் பழைய படம் ஒரு அழுக்கு நிழலாகத் தங்கிவிடும். அதை அவர் வேண்டுமென்றே விட்டுவைப்பார்.

பத்திரிகைப் படங்களைப் பார்த்து அவர் அப்போது சிப்பாய்களை வரைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பிரஸ்ஸின் திருகாணியை இறுக்கிக் கொடுக்க மேலே போன அண்ணன், சுவரில் கிளிப் போட்டிருந்த படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். மலை உச்சியில் நெஞ்சை நிமிர்த்தித் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு வீரன். "இவன் சண்டைக்குப் போறானா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறானா?" என்றான். அவன் சிரித்த சத்தம் கேட்டு நானும் அம்மாவும் படியேறி ஓடினோம். டீச்சர் கோபப்படவில்லை. கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "எது தப்புன்னு காட்டுங்க" என்றார். "அந்த உயரத்துல நெஞ்ச நிமித்தினா மூச்சே வராது டீச்சர். எல்லாரும் கெழவன் மாதிரி குனிஞ்சு, வாயத் தொறந்துகிட்டுதான் நிப்போம்" என்றான். டீச்சர் கத்தியைத் திரும்ப வாங்கி, தகட்டில் அந்த வீரனின் நெஞ்சைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அதன்பிறகு அவன் தினமும் மேலே போனான். அங்கேயும் உட்காரமாட்டான். டீச்சர் குனிந்து கீறிக்கொண்டிருக்க, இவன் பிரஸ்ஸைச் சுற்றி நடந்தபடி சொல்வான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதவன், அங்கே நின்று எல்லாவற்றையும் கொட்டினான். கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் புகையில் எல்லோர் மூஞ்சியும் கரியாகி, எச்சில் துப்பினால் அதுவும் கறுப்பாக விழுந்தது. பற்பசை கல்லாக உறைந்துபோனது. பனியை உருக்கித்தான் ஒரு மடக்குத் தண்ணீர். வெளிக்குப் போகும்போது சரிவில் உருண்டுவிடாமல் இருக்க இடுப்பில் கட்டிய கயிற்றை இன்னொருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தான். கையுறையோடு சீட்டாடினார்கள். டீச்சர் இதையெல்லாம் வரைந்தார். கயிறு படத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. கூடப் பிறந்தவளிடம் சொல்ல முடியாததை வாடகைக்கு வந்தவரிடம் சொல்ல முடிகிறதே என்ற பொறாமைதான் அது, வேறொன்றும் இல்லை.

ஒரு நாள் டீச்சர் அவனிடம், கூட இருந்தவர்களில் யாராவது இறந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். அனகாபுத்தூர்க்காரனைப் பற்றிச் சொன்னான். பனியில் மல்லாந்து, தூங்குகிறவன் போல, தனியாக. குண்டு பட்டதும் போய்விட்டான். டீச்சர் ஒரு புதுத் தகட்டில் அப்படியே வரைந்து முதல் பிரதி எடுத்தார். காது மட்டும் கொஞ்சம் விடைத்துக்கொண்டிருக்கும் என்று அண்ணன் சொன்னதால் அதையும் போட்டார். படம் அழகாக இருந்தது. அதைப் பார்த்தபின் அண்ணன் பல நாள் மாடிப் பக்கமே போகவில்லை. திருநீர்மலைக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போனான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் காபி டம்ளரோடு படியேறிப் போய், "அவன் மல்லாந்து இல்ல டீச்சர். மடங்கிக் கெடந்தான்" என்றான். டீச்சர் சுரண்டினார். அது இரண்டாவது ஸ்டேட். சில வாரம் கழித்து, "பக்கத்துல ஒருத்தன் இருந்தான்" என்றான். யார் என்று டீச்சர் கேட்கவில்லை. மூன்றாவது ஸ்டேட்டில், மடங்கிக் கிடப்பவன் அருகில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதுவும் சரியில்லை. "உக்காரல. தூக்கிட்டு எறங்கினான்." டீச்சர் தகட்டின் பாதியைச் சுரண்ட வேண்டிவந்தது. நடுவில் தகடே மெலிந்துபோனது. நான்காவதில் ஒருவன் இன்னொருவனை முதுகில் சுமந்துகொண்டு சரிவில் இறங்குகிறான். முதலில் வரைந்த மல்லாந்த உடம்பு அழியாமல், இறங்குகிறவனின் காலடிப் பனியில் கறையாகத் தெரிந்தது. சுமக்கிறவனின் முகத்தை டீச்சர் வரையாமல் விட்டிருந்தார். ஆனால் ஒரு பக்கமாகத் தோளைச் சாய்க்கும் அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பாவிடமும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அனகாபுத்தூரில் அவன் சொன்னது பொய் என்று உறைத்தது. ஏன் சொன்னான் என்பது புரியவில்லை. அது ஒரு சனிக்கிழமை மதியம் புரிந்தது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. அண்ணனின் நடை நின்றுபோனதால்தான் நான் திரும்பினேன். பிரஸ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"வயித்துல குண்டுச் சில்லு பாய்ஞ்சிருந்துச்சு டீச்சர். விடியற வரைக்கும் உயிரோட இருந்தான். தண்ணி கேட்டான். வயித்துல அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தா செத்துருவான், குடுக்கவே கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பாட்டில் என் இடுப்புலதான் இருந்துச்சு. அவன் கை அதுக்கு வந்துகிட்டே இருந்துச்சு. நான் தட்டிவிட்டுக்கிட்டே எறங்கினேன். எப்படியும் செத்துட்டான்."

டீச்சர் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "எந்தக் கை?" என்று கேட்டார். "வலது கை" என்றான். அவர் ஊசியை எடுத்தார். எனக்கு அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. கீழே இறங்கும்போது அண்ணன் படியில் என்னை நிறுத்தினான். நான் கேட்டுவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "அந்தம்மாவுக்கு இது தெரியவே கூடாது. சாகப்போற பிள்ளைக்கு வாயில ஒரு சொட்டு தண்ணி விடலன்னு தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாங்க" என்றான். அவன் சொன்னது மிகையில்லை. நம் வீடுகளில் உயிர் பிரியப்போகிறது என்று தெரிந்தால், எங்கெங்கோ இருப்பவர்களை வரவழைத்து ஆளுக்கு ஒரு கரண்டி தண்ணீர் வாயில் விடச் சொல்வார்கள். தீராத பகையில் இருந்த பங்காளி கூட அதற்கு வந்துவிடுவான். இவனோ கையில் வைத்துக்கொண்டு இல்லை என்றவன். அதைச் சொல்வதற்குப் பதிலாக, யாருமே பக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஐந்தாவது ஸ்டேட்டில் பாட்டிலும் அதை நோக்கி நீளும் கையும் வந்தன. டீச்சர் அதோடு தகட்டைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்துவிட்டார்.

கண்காட்சி மறு வருஷம் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூட்ட அறையில் நடந்தது. பெரிய இடங்களில் டீச்சர் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சட்டங்களை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தனியாகப் போய் எல்லாப் படத்தையும் மாட்டிவிட்டார். நாங்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற சார் ஒருவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, "கலர் போட்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டு போனார். அண்ணன் வழக்கம்போல நிற்காமல் சுற்றினான். பின்பக்கச் சுவருக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். நான் ஓடினேன். அங்கே ஐந்து ஸ்டேட்டும் வரிசையாக மாட்டியிருந்தன. எச்சிங் செய்கிற யாரும் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஒரே தகட்டில் இருந்து எத்தனை தூரம் போனோம் என்று காட்டும் வரிசை. பழைய பிரதிகளெல்லாம் பெட்டிக்குள் கிடக்கும், கடைசிப் படம் மட்டும்தான் சுவருக்கு வரும் என்று அண்ணன் நினைத்திருந்தான். அந்த வரிசையில் அவன் சொன்ன பொய் முதலில் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டே போனது.

"பரவால்ல, யாருக்குத் தெரியும்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. டீச்சர் சந்தோஷமாக வந்து, "உங்க சிநேகிதரோட அம்மா வர்றாங்க. நானே ஸ்கூட்டர்ல அனகாபுத்தூர் போய்ச் சொல்லிட்டு வந்தேன். அவங்க பிள்ளைய அவங்க பாக்க வேணாமா?" என்றார். அண்ணன் வாசலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சருக்கு உண்மை தெரியும். அந்த அம்மாவிடம் வேறு கதை சொல்லியிருக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் முதல் படத்தைக் கழற்றக் கை நீட்டினார். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார்.

கரை போட்ட நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைக்காமல், தனியாக வந்திருந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. முதல் படத்திலேயே மகனின் காதைப் பார்த்துவிட்டார். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதற்குப் போய்விட்டு மறுபடி முதலுக்கு வந்தார். அண்ணன் வெளியே ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. அந்த அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா இது? இதுல எம்புள்ள தனியா கீறான். இதுல யாரோ கூட குந்திகினு கீறாங்க. இதுல முதுகுல தூக்கிகினு போறே. எது நெஜம்?"

முகம் வரையாத அந்த உருவத்தைப் பார்த்து 'போறே' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

"கடைசிப் படம்மா" என்றான் அண்ணன்.

"இடுப்புல அது இன்னா?"

"தண்ணி பாட்டில்."

"தண்ணி கீதா அதுல?"

"இருந்துச்சும்மா. கேட்டான். நான் குடுக்கல." வயிற்றுக் காயம், கொடுத்தால் செத்துவிடுவான், கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அந்த அம்மாவின் கை உயர்ந்தது. கன்னத்தில் விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது அவன் மார்பில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அடியென்றும் சொல்ல முடியாது, கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது.

"கேட்டானா? வாயத் தொறந்து கேட்டானா? பேசுனானா எம்புள்ள?"

"பேசினாம்மா. வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வந்தான்."

"இன்னா பேசுனான்?"

"திட்டினான்."

"இன்னான்னு திட்டுனான்? சொல்லு."

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். நடைப்பயிற்சி சார் உட்பட எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாவுகிராக்கின்னு" என்றான் மெதுவாக. "தண்ணி குடுடா சாவுகிராக்கி, தண்ணி குடுடான்னு."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். "அது என் வார்த்த. தெனம் அவன எழுப்பசொல்ல நான் அப்டித்தான் திட்டுவேன். சாவுகிராக்கி, எழுந்திருடான்னு." பிறகு சிரிப்பு நின்றது. "ஒத்தையில கெடந்தான்னு சொன்னியேப்பா. தறியில குந்தினா அதான் வரும். எம்புள்ள பனியில ஒத்தையில கெடக்கறான், ஒத்தையில கெடக்கறான்னு. யார்னா ஒருத்தர் கூட இருந்திருக்கக் கூடாதான்னு எத்தினி சாமிய திட்டினேன் தெரியுமா? நீ கூட இருந்துகினே இல்லேன்னியே." தரையைத் தட்டி அண்ணனுக்கு இடம் காட்டினார். "வா. குந்து. மொதல்லேர்ந்து சொல்லு. இன்னும் இன்னா இன்னா சொன்னான், ஒண்ணும் வுடாத."

அண்ணன் உட்கார்ந்தான். பம்மல் ரோட்டு பஸ் மாதிரி குலுக்குகிறாயே, மெதுவாகப் போடா என்று சிநேகிதன் சொன்னதைச் சொன்னான். அடையாற்றில் வெள்ளம் வந்தால் தறியை யார் தூக்கி வைப்பார்கள் என்று கேட்டதைச் சொன்னான். ஜன்னல்களை மூட வாட்ச்மேன் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். டீச்சர் தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுக்காததைப் பற்றி அந்த அம்மா அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நாசமாய்ப் போ என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அடிக்கடி அனகாபுத்தூர் போக ஆரம்பித்தான். சில சமயம் நானும் போவேன். அந்த வீட்டிலும் எல்லா வீட்டையும் போல, உள்ளே நுழைந்ததும் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள். அவன் அந்தச் சொம்பை வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பேசுவான். பேசி முடித்ததும் அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து வருவான். ஒரு மடக்கு குடித்ததில்லை. அவரும் குடி என்று சொன்னதில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தச் சொம்பைப் பார்ப்பது பெரும் அவஸ்தை. இவர் வேண்டுமென்றே கொடுக்கிறாரா, இவன் வேண்டுமென்றே குடிக்காமல் இருக்கிறானா, இது என்ன தண்டனை, யாருக்கு என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்துகொள்வேன். அவனிடம் கேட்டால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவான் என்று பயந்து கேட்காமல் இருந்தேன். டீச்சர் மாடியைக் காலி செய்துகொண்டு போன பிறகும் இது நடந்தது.

ஒரு வெயில் காலத்தில் போயிருந்தோம். அனல் வீசியது. அண்ணன் சொம்போடு உட்கார்ந்து, ஏற்கெனவே பல தடவை சொன்ன ஏதோ ஒன்றை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மா தறியில் இருந்தார், அவனைப் பார்க்கக்கூட இல்லை. ஓடுகிற தறி நாடாவை நிறுத்தாமலே, "குடிடா சாவுகிராக்கி" என்றார்.

அவன் சொம்பை உயர்த்தி, மூச்சு விடாமல், முழுவதும் குடித்தான்.